சத்தியம் பண்ணாதவர்கள் வரிசை

1

போன மாதம் நான் நியூசிலாந்துக் குடிமகள் ஆனேன். ஊருக்குப் போன் போட்டுச் சொன்னபோது அண்ணி கேட்ட முதல் கேள்வி, "அப்ப இனி நம்மூரு எலக்சனுக்கு ஓட்டுப் போட வர மாட்டியா அம்மிணி?" என்பதுதான். வர மாட்டேன். ஆனால் அந்தக் குடியுரிமை விழாவில் நானும் என் மகனும் எந்த வரிசையில் நின்றோம், ஏன் நின்றோம் என்பதை நாமக்கல் பக்கத்து மனிதர்களுக்குச் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. பெருமையடித்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

நான் இங்கே தென்தீவில் ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறேன். முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. காலையில் வயதான வெள்ளைக்காரிகளுக்கு மாத்திரை, கட்டு, அவர்கள் பூனைகளைப் பற்றிய விசாரிப்பு. மாலையில் வீட்டில் ரசம். கணவர் தேவராஜ் ஆத்தூர்க்காரர், பல தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம், டீசல் மெக்கானிக். அவர் எனக்கு முன்பே இந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டார். பாக்கி நின்றது நானும் ஜோயலும். ஜோயல் எங்கள் ஒரே மகன், பதினேழு வயது.

போன நவம்பரில் நகராட்சியிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. இங்கிலாந்து மன்னர்தான் இந்த நாட்டுக்கும் மன்னர்; அவருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று விழாவில் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அதை இரண்டு விதமாகச் சொல்லலாம். கடவுளைச் சாட்சிக்குக் கூப்பிட்டுச் சத்தியம் பண்ணலாம். விருப்பப்பட்டால் அவரவர் வேத புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாம். அல்லது கடவுள் பேரை எடுக்காமல் வெறும் உறுதிமொழி சொல்லலாம். எது என்று முன்கூட்டியே தெரிவிக்கவும்.

நான் உறுதிமொழி என்று தெரிவித்தேன். மறுநாளே நகராட்சியிலிருந்து ஓர் அம்மாள் போன் பண்ணினார். குரல் முழுக்க அக்கறை.

"உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தவர் ஒரு சபைப் போதகர் என்று இருக்கிறது. நீங்கள் கடவுள் இல்லாததைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். கை தவறிவிட்டதோ என்று கேட்கத்தான் கூப்பிட்டேன்."

"தவறவில்லை. கடவுள் இருக்கிறார், அதனால்தான்" என்றேன்.

அந்தப் பக்கம் கணினியில் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி, அப்படியே வைத்துக்கொள்கிறேன்" என்று போனை வைத்துவிட்டார். பாவம், அன்றைக்கு வீட்டுக்குப் போய் யாரிடமாவது சொல்லியிருப்பார்.

2

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் விஷயம் பரவிவிட்டது. இங்கே தமிழ்க் குடும்பங்கள் நாங்கள் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூடுகிறோம். ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது ஜெபராஜ் அண்ணாச்சி என்னிடம் வந்தார். திருநெல்வேலிக்காரர், எங்கள் சபை மூப்பர், வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்.

"என்ன தாயி, வேதபுஸ்தகத்தத் தொட மாட்டேன்னு சொல்லிட்டியாமே? இது என்ன கூத்து?"

"அந்தப் புஸ்தகத்துலதான அண்ணாச்சி சத்தியம் பண்ணாதேன்னு எழுதியிருக்கு?"

அண்ணாச்சி டீக்கோப்பையைக் கீழே வைத்தார். விவாதம் என்றால் அவருக்கு இரண்டு கையும் வேண்டும். ஆபிரகாம் ஆணையிட்டிருக்கிறார், பவுல் தேவனைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார், ஏன், தேவனே தம்மேல் ஆணையிட்டிருக்கிறார் என்று அடுக்கினார். மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் தடுத்தது தொட்டதற்கெல்லாம் வானத்தின்மேல் பூமியின்மேல் என்று வாய்கூசாமல் ஆணையிடுகிற பழக்கத்தைத்தான். அரசாங்கம் முறைப்படி கேட்கிற சத்தியத்தை அல்ல என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. பெரிய பெரிய சபைகள் அப்படித்தான் போதிக்கின்றன, என் கணவர் குடும்பமும் அப்படித்தான். அவர்கள் யாரும் என்னைவிடக் குறைந்த விசுவாசிகள் இல்லை. ஆனால் என் பிறந்த வீட்டில் அந்தப் போதனையை விளக்கம் இல்லாமல், எழுதியிருந்தபடியே எடுத்துக்கொண்டோம். உன் தலைமயிர் ஒன்றைக் கறுப்பாக்கவோ வெளுப்பாக்கவோ உன்னால் ஆகாது, நீ எதைப் பணயம் வைத்து ஆணையிடுகிறாய், ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை, அதற்கு மேல் போகாதே. இவ்வளவுதான். இந்த இரண்டு வார்த்தைக்காக எங்கள் வீட்டார் பட்ட பாடு திருநெல்வேலி அண்ணாச்சிக்குத் தெரியாது. ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன்.

3

என் அண்ணன் பெயர் பழனிச்சாமி. எங்கள் ஊரில் கிறிஸ்தவர்கள் என்றால் எங்கள் ஒரு வீடுதான். அதுவும் அண்ணனிலிருந்து தொடங்குகிறது. இளவயதில் அவன் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வடக்கே போனான். மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஓர் ஊரில் மஞ்சள்காமாலை வந்து படுத்துவிட்டான். வண்டி அடுத்த ஊருக்குப் போயாக வேண்டும். அந்த ஊரில் ஒரு குடும்பம் அவனைத் தங்கள் வீட்டிலேயே வைத்து, எழுந்து நடக்கும்வரை கஞ்சி ஊற்றியது. அவர்கள் கிறிஸ்தவர்கள். போதனை எதுவும் செய்யவில்லை. செய்திருந்தாலும் அண்ணனுக்கு இந்தி புரியாது.

"எதுக்குடா நம்மளப் பாத்தாங்கன்னு தெரிஞ்சுக்காம எனக்குத் தூக்கம் புடிக்கல அம்மிணி" என்பான். ஊருக்குத் திரும்பியதும் நாமக்கல்லில் ஒரு புதிய ஏற்பாடு வாங்கிப் படித்தான். படித்துப் படித்து, எங்கள் கிணற்றிலேயே ஞானஸ்நானம் எடுத்தான். நாமக்கல்லிலிருந்து வந்த போதகர் அவனுக்குப் பவுல் என்று பேர் வைக்க ஆசைப்பட்டார். அண்ணன் ஒப்பவில்லை.

"பழனிச்சாமியத்தானுங்களே ஆண்டவரு கூப்புட்டாரு. பேர மாத்திக்கிட்டா வேற எவனோ பரலோகம் போயிருவானுங்க."

அவனைப் பார்த்துப் படித்துத்தான் நானும் பிறகு தண்ணீரில் இறங்கினேன். நானும் பேரை மாற்றவில்லை. இன்றைக்கும் சரஸ்வதிதான். இங்கே புதிதாக வருகிற தமிழ்க் கிறிஸ்தவர்கள் சபைப் பட்டியலில் என் பேரைப் பார்த்து ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

இனி, பட்ட பாடு என்றேனே, அதற்கு வருகிறேன்; அது ஒரு வண்டித்தடத்தைப் பற்றியது. எங்கள் பூமி உள்ளே இருக்கிறது. ரோட்டோரப் பூமி பெரியப்பாவுக்கு. அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது, பெரியப்பா பூமியின் கிழக்கு ஓரமாக எங்களுக்கு வண்டித்தடம் என்று வாய்வார்த்தையாகப் பேசிக்கொண்டார்கள். அளந்தபோது கயிறு பிடித்துக்கொண்டு கூடவே நடந்தவன் அண்ணன். வேறு ஆள் இல்லை. அந்தத் தடத்தில்தான் எங்கள் வண்டி போய் வந்தது. அப்பாவும் பெரியப்பாவும் அடுத்தடுத்துக் காலமான பிறகு, பெரியப்பா மகன் நல்லதம்பி ஒருநாள் தடத்தை உழுது சேர்த்துக்கொண்டார். அப்படி ஒரு பேச்சே கிடையாது, ஏதோ சும்மா விட்டு வைத்திருந்தோம் என்றார்.

ஊர் கூடியது. கருப்பணார் கோயில் முன்னால்தான் எங்கள் ஊரில் இதெல்லாம் பேசுவது. யாராவது ஒருவர் சூடம் கொளுத்தி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணினால் பேச்சு முடிந்தது. பொய்ச் சத்தியத்துக்கு யாரும் துணிய மாட்டார்கள், அதனால் சத்தியம் பண்ணத் தயங்குகிறவன் பொய்யன். இதுதான் ஊர்க் கணக்கு.

நல்லதம்பி எழுந்து சொன்னார். "பழனிச்சாமி சூடம் அணைக்கட்டுமுங்க. அணைச்சான்னா இன்னைக்கே தடத்த விட்டர்றேன்."

கெட்டிக்காரர். அண்ணன் எதைச் செய்ய மாட்டான் என்று பார்த்துப் பார்த்துத்தான் அதைக் கேட்டார்.

"தடம் உண்டுங்க. ரெண்டு பேரும் பேசுனத நான் கேட்டனுங்க" என்றான் அண்ணன். "சத்தியம் மட்டும் பண்றதில்லீங்க."

ஊர்ப் பெரியவர்கள் நல்லவர்கள். "சரிப்பா, கருப்பணார் முன்னாடி வேண்டாம். உங்க புஸ்தகத்து மேலயே கைய வெச்சுச் சொல்லு, ஒத்துக்கறோம்" என்று இறங்கி வந்தார்கள். அண்ணன் அதற்கும் தலையாட்டவில்லை. "அந்தப் புஸ்தகந்தானுங்க வேண்டாங்குது."

கூட்டம் சிரித்தது. நாமக்கல் போதகர்கூட, "உண்மையைத்தானே சொல்லப் போறீங்க பழனிச்சாமி, ஆண்டவர் கோபிக்க மாட்டார்" என்று அவன் காதில் சொன்னார். அண்ணன் அசையவில்லை. சத்தியம் பண்ணினால் மட்டும்தான் என் வாயில் உண்மை வரும் என்று ஆகிவிடுமே, அப்புறம் மற்ற நாளெல்லாம் நான் பேசுவது எதில் சேர்த்தி என்பது அவன் கேள்வி. தடம் போய்விட்டது. கூடவே அவன் பேரும் போய்விட்டது. "பழனிச்சாமி பொய் சொல்லி மாட்டிக்கிட்டான், வேதத்தச் சாக்கு வெச்சுத் தப்பிச்சுட்டான்" என்று டீக்கடையில் பேசினார்கள். அதற்குப் பிறகு எங்கள் குச்சிக்கிழங்கு, மரவள்ளியைத்தான் சொல்கிறேன், ஒவ்வொரு வருசமும் தலைச்சுமையாகத்தான் வரப்பின் மேல் ரோட்டுக்குப் போனது. அண்ணிக்குக் கழுத்து வலி நிரந்தரமானது அப்படித்தான்.

4

மின்னஞ்சல் வந்த வாரத்தில் சாப்பாட்டு மேசையில் ஜோயல் சொன்னான்.

"அம்மா, நானும் உறுதிமொழின்னு அனுப்பிட்டேங்க."

இடையில் ஒரு தகவல். என் மகனுக்கு நான் ஊருக்குப் போனில் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் தமிழ் வந்தது. பெரியவர்களிடம் நான் பேசுவதைத்தான் கேட்டிருக்கிறான். அதனால் அவனுக்கு 'ங்க' போடாத தமிழே தெரியாது. தெருவில் போகிற நாயையும் "வாங்க, வாங்க" என்றுதான் கூப்பிடுவான்.

அவன் சொன்னதைக் கேட்டு எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. "வசனத்துக்காகவா கண்ணு?" என்றேன்.

"இல்லீங்க. கடவுள் இருக்கறாரான்னு எனக்குத் தெரியலைங்க. தெரியாம அவரு சாட்சின்னு சொன்னா பொய்யாயிருமுங்க."

இதை அவன் சண்டைக்குச் சொல்லவில்லை. தட்டிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்துக்கொண்டே சொன்னான். ஒரு வருசமாகவே ஆராதனையில் அவன் வாய் திறந்து பாடுவதில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். கவனிக்காத மாதிரியும் இருந்தேன். அன்று அடக்க முடியவில்லை. வண்டி வண்டியாகத் திட்டினேன். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் வாங்கிய பரிசையெல்லாம் சொல்லிக் காட்டினேன். "ஊரோட ஒத்து அந்தச் சத்தியத்தையே பண்ணிட்டுப் போ, கடவுள் பேராவது உன் வாயில வரட்டும்" என்று கத்தினேன்.

தேவராஜ் சிரித்துவிட்டார். "நம்புற நீ சொல்ல மாட்டே. நம்பாத அவன் மட்டும் சொல்லணுமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. பிழைக்க வந்த நாட்டில் பிள்ளைக்கு நல்ல பல் மருத்துவர் கிடைத்தார், நல்ல பள்ளிக்கூடம் கிடைத்தது, கைநிறைய விசுவாசத்தைக் கொடுக்க முடியாமல் போனால் இத்தனையும் எதற்கு? என் மகனை நான் இழந்துகொண்டிருக்கிறேனா என்ற ஒரே கேள்வியோடுதான் டிசம்பரில் அவனை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

5

அண்ணன் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் புத்தி சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அண்ணன் அவன் கையில் மண்வெட்டியைக் கொடுத்தான். கிழங்கு பிடுங்குகிற பருவம். காலையில் ஜெபம் பண்ணும்போது ஜோயல் வந்தால் வா என்பான், வராவிட்டால் விட்டுவிடுவான். ஜோயல் வெள்ளாடுகளிடம் "ஏனுங்க, சித்த நகருங்க" என்று சொல்வதைக் கேட்டுக் கிழங்கு பிடுங்க வந்த பெண்களெல்லாம் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

நாங்கள் போன இரண்டாவது வாரம் ஊர் கூடியது. இந்த முறை வழக்கு நல்லதம்பிக்கும் ஒரு கோழிப்பண்ணைக்காரருக்கும். அவர் வெளியூர்க்காரர், நல்லதம்பி பூமிக்கு வடக்கே இருந்த பூமியை வாங்கிப் புதிதாகக் கோழி ஷெட் போடுகிறவர். எல்லைக்கல் எப்போதோ காணாமல் போயிருந்தது. சர்வேயர் வந்து அளந்தும் இரண்டு பக்கமும் ஒப்பவில்லை. பண்ணைக்காரர் கேட்ட துண்டுப் பூமியில்தான் நல்லதம்பியின் போர்வெல் இருக்கிறது. அது கைவிட்டுப் போனால் அவர் பூமி முழுக்கக் காய்ந்துவிடும். கோர்ட்டுக்குப் போனால் பேரன் காலத்தில்தான் தீர்ப்பு வரும் என்று இருவரும் ஊர்ப் பேச்சுக்குச் சம்மதித்திருந்தார்கள்.

நல்லதம்பி முதல் ஆளாக எழுந்தார். "நான் சூடம் அணைக்கறனுங்க."

பண்ணைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க அணைப்பீங்க. எனக்கு அதுல மனசு ஆறாதுங்க. உங்க ஊர்ல சத்தியமே பண்ண மாட்டேன்னு ஒருத்தரு இருக்கறாராமா. தடமே போனாலும் போகுதுன்னு உட்டவராமா. பாகம் பிரிச்சப்பக் கயிறு புடிச்சவரும் அவருதான்னு சொல்றாங்க. அவரு வந்து சொல்லட்டுங்க. எப்படிச் சொன்னாலும் கட்டுப்படறேன்."

நல்லதம்பியின் முகம் வெளுத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். உலகத்தில் இத்தனை பேர் இருக்க, அவருடைய தண்ணீர் பழனிச்சாமியின் வாயில் வந்து நின்றது.

ஆள் போய் அண்ணனைக் கூட்டிவந்தார்கள். கிழங்குக் காட்டிலிருந்து மண் காலோடு வந்தான், பின்னாலேயே ஜோயல். என் பக்கத்தில் நின்ற அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"எனக்கு நெனப்பில்லைன்னு உங்கண்ணன் ஒரு வார்த்த சொல்லட்டும் அம்மிணி. அதே போதும். இந்தக் கழுத்து வலி தீந்துரும்."

நான் விசுவாசிதான். ஆனால் அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது சத்துருவைச் சிநேகிக்கச் சொல்கிற போதனை அல்ல. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பதுதான் ஓடியது. நன்றாக அறுக்கட்டும் என்றும் கூடவே ஓடியது.

கோயில் பூசாரி மாரப்பன் பழக்கதோசத்தில் தட்டில் சூடத்தை எடுத்து வைத்துவிட்டார். பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தார். சூடத்தை எடுத்து மறுபடி டப்பாவில் போட்டு மூடினார். "இவனுக்கு எதுக்கு இது. நீ சொல்லு சாமி."

அண்ணன் ரொம்ப யோசிக்கவில்லை. தொண்டையைக்கூடக் கனைக்கவில்லை.

"எல்லைக்கு ஒரு பனை இருந்துச்சுங்க. மேக்கு மூலைல இருந்து அந்தப் பனை வரைக்கும் நாந்தான் கயித்தப் புடிச்சுட்டுப் போனேன். போரு இருக்கற எடம் பனைக்குத் தெக்கால. அது நல்லதம்பி பூமிதானுங்க."

பண்ணைக்காரர், "சரிங்க, எஞ்செட்ட வடக்கால தள்ளிப் போட்டுக்கறேன்" என்றார். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்ட மனிதர். அண்ணி என் கையை உதறிவிட்டாள். நல்லதம்பி நின்ற இடத்திலேயே நின்றார்.

அத்தோடு எல்லோரும் எழுந்திருப்பார்கள் என்று நினைத்தேன். பூசாரி மாரப்பன் எழவில்லை.

"உக்காருங்கப்பா. இன்னொண்ணு பேசோணும். இன்னைக்கு இவன் வாய்வார்த்த சூடத்துக்குச் சமம்னு ஊரே ஒத்துக்கிச்சு. அன்னைக்குத் தடம் உண்டுன்னு சொன்னதும் இதே வாயிதான? அன்னைக்கு மட்டும் அது எப்படிப் பொய்யாச்சு?"

எல்லார் கண்ணும் நல்லதம்பி மேல். தப்பிக்க அவருக்கு வழி இருந்தது. எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், கூட்டம் கலைந்திருக்கும். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"தடம் உண்டுங்க" என்றார். "எங்கப்பனே எங்கிட்டச் சொல்லியிருக்கறாருங்க."

சூடம் டப்பாவுக்குள்தான் இருந்தது. எங்கள் ஊர்க் கோயில் முன்னால் யாரும் சத்தியம் பண்ணாமல், இரண்டு ஆட்கள் உண்மை பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான். எத்தனையோ ஊழியக்காரர்கள் எங்கள் ஊருக்கு வந்து கைப்பிரதி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கர்த்தரின் வசனத்தை எங்கள் ஊருக்குப் பிரசங்கம் பண்ணியது என் அண்ணன் வாழ்ந்த வாழ்க்கை, அதை எடுத்து விளக்கியவர் கருப்பணார் கோயில் பூசாரி. இப்படி ஒரு ஏற்பாட்டை ஆண்டவரைத் தவிர யார் யோசிப்பார்கள்!

6

மறுநாள் காலையில் நல்லதம்பி மன்னிப்புக் கேட்கவெல்லாம் வரவில்லை. தன் டிராக்டரை எடுத்துக்கொண்டு வந்து கிழக்கு ஓரத்தைச் சமன் பண்ணினார். அண்ணி ஒரு சொம்பு மோர் கொண்டுபோய் டிராக்டர் மட்கார்டு மேல் வைத்துவிட்டு, பேசாமல் திரும்பி வந்தாள். மோர் காலியானது. எங்கள் குடும்பங்களில் சமாதானம் இப்படித்தான் வரும்.

அந்த வாரமே ஜவ்வரிசி தயாரிக்கிற சேகோ மில்லுக்குக் கிழங்கு ஏற்ற லாரி எங்கள் பூமிக்குள்ளேயே வந்தது. முதல் தடவை. லாரி தடத்தில் திரும்பியபோது அண்ணன் வேலையை நிறுத்திவிட்டு நின்று பார்த்தான். பிறகு, "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். மூட்டையத் தூக்குங்க" என்றான். நான் வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அத்தனை சந்தோசம். ஜோயல் மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்து மில் வரைக்கும் போய் வந்தான்.

சாயங்காலம் அவன் கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது நான் மெதுவாக ஆரம்பித்தேன். இரும்பு சூடாக இருக்கும்போதே அடித்துவிட வேண்டும் என்ற எண்ணம்.

"பாத்தியா கண்ணு, ஆண்டவரு எப்படி நியாயம் பண்ணாருன்னு?"

"மாமா பொய் சொல்லலைங்க. சொல்லியிருந்தா அவருக்கு நல்லா இருந்திருக்கும், ஆனாலும் சொல்லலைங்க. அத நான் பாத்தேங்க" என்றான். கொஞ்சம் நிறுத்தி, "மத்தது எனக்குத் தெரியலைங்கம்மா" என்றான்.

அவ்வளவுதான். அதிசயத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தும் பையன் மசியவில்லை. பொங்கல் முடிந்து விமானம் ஏறும்போது, என் அண்ணனுக்குத் தடம் திரும்பக் கிடைத்துவிட்டது, எனக்கு என் மகன் இன்னும் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

7

பிப்ரவரியில் விழா. நகராட்சி மண்டபம், மேயர், கழுத்தில் அவருடைய சங்கிலி. எங்கள் சபையிலிருந்து பாதிப் பேர் பார்க்க வந்திருந்தார்கள். முதலில் சத்தியம் பண்ணுகிறவர்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். ஆளுக்கொரு புத்தகத்தோடு பெரிய கூட்டம். அவர்கள் முடித்து உட்கார்ந்ததும் உறுதிமொழிக்காரர்கள். நாங்கள் கொஞ்சம் பேர்தான். ஒரு சீனத்துத் தம்பதி, பிரேசில்காரர் ஒருவர், கொங்குநாட்டு நர்ஸ் ஒருத்தி, அவள் பக்கத்தில் அவளைவிட ஒரு தலை உயரமான மகன். கடவுள் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதால் நான் அங்கே நின்றேன். கேட்கிறாரா என்று தெரியாததால் அவன் நின்றான். மேயர் சொல்லச் சொல்ல இருவரும் ஒரே வார்த்தைகளைச் சொன்னோம்.

முடிந்ததும் டீ, கேக். ஜெபராஜ் அண்ணாச்சியின் மனைவி எஸ்தர் அக்கா எங்களைத் தேடி வந்தார். பின்னாலேயே சபைக்காரர்கள் எல்லோரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அக்கா ஜோயலின் கன்னத்தைத் தட்டினார்.

"அம்மா மாதிரியே புள்ளையும்! நீயும் வசனத்துக்குக் கீழ்ப்படிஞ்சுதான இந்த வரிசையில நின்னே, ராசா?"

ஒரு 'ஆமாம்' போதும். எனக்குச் சபையில் தலை நிமிர்ந்துவிடும், அக்காவுக்குச் சந்தோசம், அண்ணாச்சி அடுத்த வாரம் அதைப் பிரசங்கத்திலேயே சொல்வார். யாருக்கும் நட்டமில்லை. ஜோயல் என்னைப் பார்த்தான். நான் எந்த ஜாடையும் காட்டவில்லை.

"இல்லீங்க ஆன்ட்டி" என்றான். "அம்மாதானுங்க வசனத்துக்காக நின்னாங்க. எனக்கு இன்னும் விசுவாசம் வரலைங்க. வந்துருச்சுன்னு சொன்னா அது பொய்ங்க."

எஸ்தர் அக்கா நல்ல மனசுக்காரர். என்னைக் காப்பாற்றப் பார்த்தார். "சும்மா வெளையாடுதான், இல்லையா சரசு?"

எனக்கு அவமானமாக இருக்கும் என்றுதான் அந்த நொடி வரை பயந்துகொண்டிருந்தேன். அது வரவில்லை. வேறு என்னவோ காலிலிருந்து தலைவரைக்கும் ஏறியது. பெற்ற தாய்க்காகக்கூட ஒரு சின்னப் பொய் சொல்லாதவனை, வேதத்தைக் கரைத்துக் குடித்த எத்தனை வீடுகளில் வளர்த்திருக்கிறார்கள்? நான் வளர்த்திருக்கிறேன். என் பிள்ளை என் கையைவிட்டுப் போய்விட்டான் என்று ராத்திரியெல்லாம் அழுதேனே, ஆண்டவர் மலைமேல் உட்கார்ந்து சொன்னதை அவன் அப்படியே செய்துகொண்டு என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறான்.

"வெளையாடலைங்கக்கா" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "எம்பையன் சொன்னா அது அப்படித்தான்."

ஜோயல் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று!

கார் வரைக்கும் நடக்கும்போதுதான் அவன் சொன்னது எனக்கு முழுதாக உறைத்தது. விசுவாசம் இன்னும் வரவில்லை என்றான். வராது என்று நினைத்திருந்தால், அத்தனை பேர் முன்னாலும் வராது என்றே சொல்லியிருப்பான். மரியாதைக்காக ஒரு வார்த்தையைச் சேர்க்கிற ஆள் அவன் இல்லை. வழியை அவன் அடைக்கவில்லை. என் ஆண்டவருக்கு அது போதும், எனக்கும் போதும்.

தேவராஜ் கார்க் கதவைத் திறந்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன நடை இது! நாட்டையே உன் பேருக்கு எழுதிக் குடுத்துட்டாங்களா?"

"ஆமாங்க" என்றேன், பின்சீட்டில் ஏறிக்கொண்டிருந்த என் மகனைப் பார்த்தபடி.